அம்மிணிக்கு ஓர் அமைதியான வீடு

கண்ணு,

அப்பா எழுதுகிறேன். போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். சரி, வேலை இருக்கும். அதனால்தான் கடிதம். இதை வண்டியில் போகும்போது படித்துக்கொள்ளலாம். நேரத்துக்குச் சாப்பிடு.

விஷயம் அம்மிணியைப் பற்றியது. இங்கே எல்லாருக்கும் அது உன் பூனைதான். பெருந்துறை பஸ் ஸ்டாண்டில் அடிபட்டுக் கிடந்ததைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றாயே, பிழைக்காது என்று நாங்கள் அத்தனை பேரும் சொன்னோம். நீ லீவு போட்டு உட்கார்ந்து பிழைக்க வைத்தாய். கால்நடை டாக்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் சொல்வார். எனக்கும் கேட்கக் கேட்கச் சந்தோஷமாக இருக்கும்.

இப்போது அதற்கு இந்த வீடு ஆகவில்லை. பக்கத்து வீட்டில் தறி போட்டுவிட்டார்கள். காலையில் ஆரம்பித்தால் ராத்திரிதான் நிற்கிறது. அண்ணனும் குடும்பத்தோடு இங்கேயே வந்துவிட்டான். பசங்க இரண்டு பேரும் ஆசையாகத்தான் தூக்கப் போகிறார்கள், அதற்கு உயிர் போகிறது. பகல் முழுக்கப் பரண்மேல் அண்டாவுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கிறது. தறி நின்ற பிறகு இறங்கி, இரண்டு வாய் தின்றுவிட்டுத் திரும்ப ஏறிவிடுகிறது. அடிவயிற்றை நக்கி நக்கி முடியே இல்லை, தோல் ரோஸாகத் தெரிகிறது. டாக்டரிடம் காட்டினேன். சொறி கிடையாது, நோயும் இல்லை, பயம்தான் என்றார். மனுசக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் எட்டுமாம், பூனைக்கு 60,000-க்கு மேலும் கேட்குமாம். நமக்கே தாங்காத தறிச் சத்தம் அதற்கு எப்படி இருக்கும், பார். சேர்ந்தாற்போல இரண்டு மூன்று நாள் தின்னாமல் விட்டால் ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார். பட்டினி கிடக்கக் கூடாது, யாராக இருந்தாலும்.

உன் ரூமில் வைத்துக் கதவைச் சாத்தியும் பார்த்தோம். தறி அந்தச் சுவருக்கு அந்தாண்டைதான், சுவரே அதிருகிறது. உன் சித்தப்பா கொடிவேரியில் மீன் கடைப் பக்கம் விட்டுவிடலாம், தின்று பிழைத்துக்கொள்ளும் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டிலேயே இருந்த உயிர் அது. அங்கே இருக்கிற பூனைகள் தங்கள் எல்லைக்குள் விடுமா? நாயை எல்லாம் எப்படிச் சமாளிக்கும்?

அப்புறம்தான் டீச்சரம்மா வீடு அமைந்தது. தடப்பள்ளி வாய்க்கால் ஓரம், சுற்றிலும் வயல். ரிட்டயர் ஆகித் தனியாக இருக்கிறார். குட்டி வேண்டாம், காலுக்குள் ஓடும், குணம் தெரிந்த பெரிய பூனைதான் வேண்டும் என்று அவரே கேட்டார். கருத்தடை ஆனது, தடுப்பூசிச் சீட்டு இருக்கிறது என்றதும் சரி என்றுவிட்டார். நான் போய்ப் பார்த்தேன். பின்கட்டில் ஒரு ரூமை ஒதுக்கி, ஜன்னலுக்கு வலை அடித்து, ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருக்கிறார். மணல் தட்டு ஒரு மூலை, சோறு வேறு மூலை. சில வாரம் வெளியே விடாதீர்கள், பழைய வீட்டைத் தேடி நடந்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன். பால் வேண்டாம் என்றும் சொன்னேன், வளர்ந்த பூனைக்கு அது செரிக்காது. உன் அம்மா கேட்பதில்லை, இன்னும் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறாள்.

இன்னொன்றும் சொன்னேன். கூப்பிட வேண்டாம், பெட்டிக்குள் கைவிட்டு இழுக்க வேண்டாம். பேப்பரை எடுத்துக்கொண்டு அதே ரூமில் சும்மா உட்கார்ந்திருங்கள், அதுவாக வரும்.

தீபாவளி நோம்பிக்கு நீ மட்டும் வந்தாய். மாப்பிள்ளைக்கு வேலை என்றாய், நானும் சரி என்றேன். பாரியூர்க் குண்டம் திருவிழாவுக்கு வருகிறேன் என்றாய், அதற்கும் வரவில்லை. போன வாரம் ஈரோட்டில் உன் மாமனாரைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். நானும் அம்மிணிக்கு வீடு கிடைத்த கதையையே சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

முன் ரூமை ஒழித்து வைத்திருக்கிறேன். அங்கே தறிச் சத்தம் அவ்வளவாகக் கேட்காது. நானும் அம்மாவும் ஆசாரத்தில் படுத்துக்கொள்வோம், எங்களுக்கு அதுதான் காற்றோட்டம். எத்தனை நாள் என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். வந்தால் வா, கண்ணு. வராவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிடு.

பருப்புப் பொடியும் கொள்ளுப் பொடியும் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், டிரைவர் நம்பரை மெசேஜில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சரம்மா கூடையோடு வருகிறார். அம்மிணி இப்போது படுப்பது உன் நீலப் போர்வையில். துவைக்காமல் அப்படியே கூட அனுப்பினால் வாசனைக்குத் தைரியமாக இருக்குமாம். அது ஹாஸ்டலில் இருந்து நீ வைத்திருந்த போர்வை. கொடுக்கலாமா, வேண்டாமா என்று அதற்குள் ஒரு வரி போடு.

அன்புடன்,
அப்பா