சுரண்டியைக் கீழே வை

அன்பு நண்பா,

பழைய வீட்டில் குடியேறிவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் ‘அடுத்த வாரம் ஏணி போட்டுக் கூடத்து சீலிங்கைச் சுரண்டிவிடுவேன்’ என்று கடைசியில் எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் இந்த அவசரக் கடிதம். சுரண்டியை இப்போதைக்குத் தொடாதே.

எங்கள் வீட்டிலும் உன் வீட்டைப் போல, பொரி ஒட்டியதுபோல் சொரசொரப்பான பூச்சைத் தெளித்த சீலிங்தான். ஒட்டடை அடித்தால் ரவை போல உதிர்ந்து படுக்கையில் விழும். ஒருமுறை விளக்கு மாற்றும்போது ஒரு சாண் இடத்தை அப்படியே உலர்வாகச் சுரண்டி, துடைப்பத்தால் கூட்டி அள்ளினேன். பிள்ளைகள் பக்கத்திலேயே விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதை இன்று நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. அந்தப் பூச்சில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருந்தது பிறகுதான் தெரிந்தது. அசையாமல் கிடக்கும்வரை அதனால் பெரிய தொல்லை இல்லை. சுரண்டினால்தான் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கும். நோய் பல பத்தாண்டுகள் கழித்துத் தலைகாட்டும். அமெரிக்காவில் அலங்காரப் பூச்சாக இதைத் தெளிக்க 1978-ல் தடை வந்தது. ஆனாலும் 1980-களில் கட்டிய வீடுகளிலும் அகப்படுகிறது.

அதனால் முதலில் பரிசோதனை. பயிற்சி பெற்றவரே மாதிரி எடுப்பது நல்லது. மின்விசிறியை நிறுத்தி, பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, அந்த இடத்தை நன்றாக ஈரமாக்கிவிட்டுத்தான் எங்கள் வீட்டில் ஒரு துளி பெயர்த்தார்கள். ஒவ்வொரு அறையிலும் எடுக்கச் சொல். எல்லா அறைக்கும் ஒரே நாளில் பூசியிருக்க மாட்டார்கள்.

கல்நார் இல்லை என்று வந்தால் கவலையில்லை. பெயின்ட் அடிக்காத பூச்சு என்றால் தண்ணீர் தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, அகலத் தகட்டால் தள்ளினால் ஊறிய காகிதம் போல வழுக்கிக்கொண்டு வரும். பெயின்ட் அடித்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது, தகடு பூச்சுக்கு அடியிலுள்ள ஜிப்சம் பலகையின் மேல்காகிதத்தையே பிய்த்துவிடும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதையும் சோதித்துவிடு. சுரண்டியபின் பட்டி பார்ப்பதுதான் பெரிய வேலை. ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரியும். அந்த மேடு பள்ளத்தை மறைக்கத்தானே அப்படித் தெளித்தார்கள்!

எங்கள் பூச்சில் கல்நார் இருந்ததால், சுரண்டாமல் அதன்மேல் பலகை வைத்து மூடிவிட்டோம். பயிற்சி பெற்ற ஆட்கள் வந்து, மேலே உள்ள மரச்சட்டங்களைக் கண்டுபிடித்து, மெல்லிய ஜிப்சம் பலகையை அவற்றோடு சேர்த்து முடுக்கினார்கள். வெறும் பூச்சில் முடுக்கினால் பலகை தொங்கிவிடும். திருகாணி இறங்கும்போதும் தூசு வரும் என்பதால் அன்று நாங்கள் வீட்டிலேயே இல்லை. பலகையின் தடிமனுக்கு ஏற்ப விளக்குப் பெட்டிகளைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டியிருந்தது. அதை முன்கூட்டியே சொல்லிவிடு.

கல்நார் இன்னும் மேலேதான் இருக்கிறது. நாளைக்கு யாராவது துளை போட வரலாம் என்று, மின்பெட்டிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டி எழுதி வைத்திருக்கிறேன்.

சரி, உன் வீடு எந்த ஆண்டு கட்டியது? பத்திரத்தைப் பார்த்து எழுது. சோதனை முடிவு வந்ததும் முதலில் எனக்குச் சொல்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்