மழை வருகிறது, ஒரு போத்தல் தந்து விடுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஐப்பசி பிறக்கப் போகிறது. இத்தனை மாதமும் தரைப் பக்கமிருந்து வீசிப் புழுதியை வாரியிறைத்த கச்சான் காற்று அடங்கி வருகிறது. இனிக் கடல் பக்கமிருந்து வாடை திரும்பும், மாரி தொடங்கும். இந்தத் தவணை எங்கள் பாலர் வகுப்புகளுக்கு அந்த மழையும் காற்றும்தான் பாடம். தொட்டு, ஊற்றி, அளந்து பார்க்கப் போகிறோம்.

அதற்கு உங்களிடம் இரண்டு உதவி வேண்டும். ஒன்று, பக்கங்கள் நேராக உள்ள ஒரு பிளாஸ்டிக் போத்தல். மற்றது கொஞ்சம் கஷ்டமானது: பிள்ளை கேள்வி கேட்டால் விடையை முந்திச் சொல்லிவிடாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். போன கிழமை மேசையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிய கிளாஸ் ஒன்றை வைத்தோம். சற்று நேரத்தில் வெளிப்பக்கம் வேர்த்து வடிந்தது. "ரீச்சர், கிளாஸ் ஓட்டை" என்றாள் ஒரு பிள்ளை. நான் பேசாமல் இருந்தேன். அப்புறம் பீட்ரூட் சாறு கலந்த ஐஸ் தண்ணீரை இன்னொரு கிளாசில் வைத்தோம். அதுவும் வேர்த்தது. அவள் ஒரு துளியை விரலால் தொட்டு வெள்ளைக் கடதாசியில் தேய்த்தாள். சிவப்பு இல்லை. திரும்பவும் தேய்த்தாள். "அப்ப இது உள்ளுக்க இருந்து வரேல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் ஈரம் குளிர்ந்த கிளாசில் பட்டுத் துளியாகிறது. முகிலும் ஈரக் காற்று மேலே போய்க் குளிர்வதால்தான் உண்டாகிறது. இது உங்களுக்குத் தெரியும். அவளுக்கு இன்னும் தெரியாது, தேடிக்கொண்டிருக்கிறாள். நானும் பல வருடம் விடையைச் சொல்லிக் கொடுத்தே பழகியவள். பிள்ளைகள் அழகாக ஒப்புவிப்பார்கள், அடுத்த மாதம் மறந்திருப்பார்கள். ஆகவே வீட்டில் கேட்டால், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

சரி, போத்தலுக்கு வருவோம். மேல்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல் போல வைத்தால் மழைமானி தயார். அடி மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, ஒரு கோடு வரை தண்ணீர் விட்டு, அங்கிருந்து அளப்போம். வெட்டுவது ஆசிரியைகளின் வேலை. வளிமண்டலவியல் திணைக்களம் நாளாந்த மழையைக் காலை 8.30க்குக் கணக்கெடுக்கிறது, நாங்களும் அதே நேரத்தில் அளப்போம். நாலு வயதுப் பிள்ளைக்கு மில்லிமீற்றர் பிடிபடாது. தண்ணீர் ஏறிய உயரத்துக்கு நீலக் கடதாசியில் ஒரு கீற்று வெட்டிச் சுவரில் ஒட்டுவார்கள், மழை பெய்யாத நாளுக்கு இடத்தை வெறுமையாக விடுவார்கள். மார்கழி விடுமுறைக்கு முன் வந்து அந்தச் சுவரைப் பாருங்கள். அளந்ததும் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிடுவோம். டெங்கு நுளம்பு முட்டையிட ஒரு சிரட்டைத் தண்ணீரே போதும்.

முற்றத்தில் தேங்கும் தண்ணீரைச் சுற்றிச் சோக்கால் கோடு கீறி, அது வற்ற வற்ற உள்ளே இன்னொரு கோடு கீறுவோம். பழைய சேலைத் துண்டைக் கம்பில் கட்டிக் காற்றின் திசை பார்ப்போம். கிழிந்த சேலை இருந்தால் அதையும் அனுப்புங்கள்.

இடி மட்டும் உங்கள் பொறுப்பு. ஐப்பசி இடி பெரும்பாலும் பின்னேரத்தில்தான், அப்போது பிள்ளை உங்களோடுதான் இருக்கும். சத்தம் கேட்டவுடன் உள்ளே கூப்பிடுங்கள், கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் போகும்வரை வெளியே விட வேண்டாம். உள்ளே வந்தபின் மடியில் வைத்து, மின்னலுக்கும் இடிக்கும் இடையில் சேர்ந்து எண்ணுங்கள். ஏறக்குறைய மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் என்று மின்னல் எவ்வளவு தூரத்தில் என்பது தெரியும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி சூறாவளி நம் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவே கரையைக் கடந்ததை நாம் மறக்கவில்லை. அந்தப் பயத்தைப் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்தே படித்துவிடுகிறார்கள். எண்ணுகிற பிள்ளைக்கு நடுக்கம் குறைவதை நான் கண்டிருக்கிறேன்.

மாற்று உடுப்பும் ஒரு சின்னத் துவாயும் பையில் வையுங்கள், கட்டாயம் நனைவார்கள். முட்டு இழுக்கிற பிள்ளை என்றால் முதலே சொல்லிவிடுங்கள், தாழ்வாரத்தில் நின்று அளக்கிற வேலையைக் கொடுப்போம்.

போத்தலை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். அதில் நீங்கள் பெயர் எழுத வேண்டாம், பிள்ளையே தனக்குப் பிடித்த அடையாளம் ஒன்றைக் கீறட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியை
திருகோணமலை