கோத்தகிரி போய் வந்தோம்

கொளத்தூர், சென்னை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அவர் காதில் விழாமல் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதனால்தான் கடிதம்.

சரஸ்வதி பூஜை முடிந்த கையோடு நாங்கள் இரண்டு பேரும் கோத்தகிரி போய் வந்தோம். அப்பாவுக்கு ஊட்டி ஆசை. ரங்கநாதன் தெருவைத் தூக்கி மலைமேல் வைத்த மாதிரி கூட்டம் இருக்கும், எனக்கு வேண்டாம் என்றேன். ராத்திரி ஒன்பது மணி வாக்கில் சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினோம், விடிந்ததும் மேட்டுப்பாளையம். அங்கிருந்து பஸ்ஸில் 33 கிலோமீட்டர்தான். நீலகிரிக்குள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். அப்பா கேட்டால்தானே? குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் இரண்டு பாட்டிலும் போயிற்று. எவர்சில்வர் கூஜாவைப் பார்த்து ரயிலில் சிரித்தவர், அதற்கப்புறம் அதிலேதான் குடித்தார்.

அவர் டைரியை உனக்குத் தெரியுமே. பார்க்க வேண்டிய இடங்கள் பதினொன்று, நம்பர் போட்டு, பார்த்தால் ஒரு டிக். முதலில் கன்னேரிமுக்கு. 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் மலையேறி வந்து, ஊட்டியை உருவாக்குவதற்கு முன் வீடு கட்டியது இங்கேதானாம். இப்போது அது மியூசியம். டிக். கேத்தரின் அருவி 250 அடி என்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வேட்டி காயப்போட்ட மாதிரி இருந்தது. அதற்கும் டிக்.

எனக்குப் பிடித்தது டைரியில் இல்லாதவைதான். நாங்கள் தங்கிய வீட்டுக்காரம்மா படுகர், நீலகிரி மலைக்காரர். காலையில் அவர் தோட்டத்து வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கொழுந்தைக் கையால் கிள்ளுவார்கள் என்றுதானே நினைத்திருந்தோம்? பை மாட்டிய பெரிய கத்தரியால் சரக் சரக்கென்று வெட்டுகிறார்கள். நிறைந்ததும் சாக்கில் கொட்டி, ரோட்டோரத்தில் வைத்துவிட்டு ஃபாக்டரி வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலை பறிகூலிக்கே சரியாகப் போகிறது என்று அந்தம்மா அலுத்துக்கொண்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வெளியே போகாதீர்கள், கரடி வரும் என்றும் சொன்னார். விளக்கு எண்ணெய் என்றால் அதற்கு உயிராம். கோயில் கதவை உடைத்துக் குடித்துவிட்டுப் போகுமாம். அன்று ராத்திரி அப்பா தாழ்ப்பாளை மூன்று தடவை சரிபார்த்தார். நான் எண்ணினேன்.

குளிர் உன் ஊர் மாதிரி இல்லை, ஒரு ஸ்வெட்டருக்கு அடங்குகிற குளிர். நீ விட்டுவிட்டுப் போன மெரூன் ஸ்வெட்டரைத்தான் போட்டுக்கொண்டேன். கை கொஞ்சம் நீளம். உனக்கென்று வர்க்கி வாங்கினேன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊட்டி வர்க்கிதான். கனடா வந்து சேர்வதற்குள் தூளாகிவிடும் என்று அப்பாவே தின்று தீர்க்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைசி நாள் கோடநாடு காட்சிமுனை, டைரியில் முதல் நம்பர். அங்கே ஜூன், ஜூலை மழையைத் தொட்டபெட்டா மலை மறித்துக்கொள்கிறது. நம் சென்னை மாதிரி ஐப்பசியில்தான் பெருமழை. அதற்குக் கட்டியம் கூறுகிற மாதிரி எங்கும் மேகமூட்டம். முனையில் போய் நின்றால் எதிரே சுண்ணாம்பு அடித்த சுவர்தான். ஒரு மணி நேரம் நின்றோம். இதற்கா 18 கிலோமீட்டர் வந்தோம் என்று சலித்துக்கொண்டு அப்பா டீ வாங்கப் போனார்.

அவர் அந்தப் பக்கம் போனதும், காய்ச்சிய பாலை ஊதினால் ஆடை விலகுமே, அப்படி விலகியது. எவ்வளவோ ஆழத்தில் மோயாறு, நூல் மாதிரி. அதன் கரையில் ஒரு துண்டு பச்சை, தெங்குமரஹடா வயல். பரிசலில் ஆற்றைக் கடந்துதான் அந்த ஊருக்குப் போக வேண்டும் என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தார். இன்னொரு பக்கம் ரங்கசாமி முடி. கூப்பிட வாயெடுத்தேன், குரல் வரவில்லை. இரண்டு நிமிஷம் இருக்கும். மறுபடி மூடிக்கொண்டது.

அப்பா இரண்டு டீயோடு வந்து, "ஏதாவது தெரிஞ்சுதா?" என்றார்.

"ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

சொல்லியிருந்தால் அந்த டீக்கடைக்காரரை ஆயுசுக்கும் திட்டியிருப்பார். டிக் போடாமல், 'பாப்பா வந்ததும் மறுபடி' என்று டைரியில் எழுதி வைத்திருக்கிறார். நீ லீவில் வந்ததும் எப்படியும் இழுத்துக்கொண்டு போவார். அங்கே போய் என் முகத்தைப் பார்த்துச் சிரித்து வைக்காதே.

அம்மா