சத்திரத்துச் சுவர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே பெரியவள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வீடு கலகலவென்று இருக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊர்ச் சாலையோரச் சத்திரத்தை நூலகமாக்கப் போவதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். ஆனால் பழைய சுண்ணாம்புக் காரைப் பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசுவது மட்டும் வேண்டாம்டா.

எங்கள் பூர்வீக வீட்டில் அந்தத் தப்பைச் செய்தோம். இரண்டு மழைக்காலம்தான் தாங்கியது. தரையிலிருந்து ஏறிய ஓதம், அதாவது ஈரம், சிமெண்டைத் தாண்டி வெளியேற வழியில்லாமல் செங்கல்லிலேயே தங்கி, உப்புப் பூத்தது. ஒருநாள் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழுந்தது. உள்ளே இருந்த செங்கல்லை விரலால் தொட்டேன், ரவையாக உதிர்ந்தது. தாத்தா கட்டிய சுவர். இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும். தான் பொரிந்து செங்கல்லைக் காப்பாற்றும். பெயர்ந்த இடத்தில் மட்டும் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பைப் பூசினால் போதும். ஒட்டுப்போட்ட இடம் நிறம் மாறித் தெரியும். தெரியட்டும். மழை வழிந்த கறுப்புக் கோடும் இருக்கட்டும். இருநூறு வருஷம் வெயிலில் நின்ற சுவருக்கு ஏன் நேற்றுக் கட்டிய முகம்?

போன மாதம் பட்டுக்கோட்டை போகிற வழியில் ஒரத்தநாட்டில் இறங்கி முக்தாம்பாள் சத்திரத்தைப் பார்த்தேன். தஞ்சாவூர் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி தன் அன்புக்குரிய முக்தாம்பாள் நினைவாக ஏற்படுத்தியது. பிற்காலத்தில் பள்ளிக்கூடமாகவும் மாணவர் விடுதியாகவும் இருந்திருக்கிறது. ஒரு தூணில் தோள் உயரத்துக்கு மட்டும் வழவழப்பு. எத்தனை பிள்ளைகள் சாய்ந்து நின்றார்களோ என்று நானும் கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றேன்.

1801இல் சரபோஜி, தஞ்சாவூரில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ரெசிடெண்ட் டோரினுக்கு இதுபோன்ற சத்திரங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ராமேஸ்வரம் போகும் வழிப்போக்கர்களுக்கு, எந்தச் சாதியானாலும், சோறு. நள்ளிரவில் மணி அடிப்பார்கள். அதுவரை சாப்பிடாதவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். நோய்ப்பட்டவருக்கு வைத்தியர், பாம்புக்கடிக்கு மருந்து, அநாதைப் பிள்ளைகளுக்குப் படிப்பு சொல்ல வாத்தியார் எல்லாம் உண்டு. சத்திரம் என்றாலே பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் சேர்ந்ததாகத்தான் அவர் நினைத்திருக்கிறார். அந்த மணியை நினைத்து அன்றிரவு தூக்கமே வரவில்லை எனக்கு. உங்கள் சத்திரத்தில் புத்தக அலமாரி வைப்பது அதன் பழைய வழக்கத்தோடு ஒத்துப்போகிற காரியம்தான்.

அப்புறம் ஒன்று. முதலில் கூரையைப் பாருங்கள். மெட்ராஸ் டெரஸில், அதான் மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மொட்டை மாடியில், விரிசல் இருந்தால் சுவருக்கு என்ன செய்தும் பயனில்லை. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது என்றாயே, மேலே வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும், வேரோடு எடுக்க வேண்டும். அலமாரிகளைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், காற்று போகட்டும்.

காரைக்குடிப் பக்கம் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைப் பழக்கம். தை பிறந்ததும் அழைத்து வருகிறேன். அதுவரை யாரையும் சுவரில் உளி வைக்க விடாதே.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் நண்பன்