சிவப்பு நட்டுகளுக்குப் பச்சை அடிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராணுவம் கழித்துவிட்ட பழைய லோரிகளை வாங்கி, தோட்டப்புறத்துப் பிள்ளைகள் காசைக் கரியாக்குகிறார்கள் என்று போன ஞாயிறு பதிப்பில் ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். லோரிப் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை செய்தவன் நான். எனக்கும் இதில் சொல்ல ஒன்று இருக்கிறது.

எங்கள் சுங்கை சிப்புட்டில், செம்பனைக் காட்டை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில், நான்கு பையன்கள் ஒரு பெட்ஃபோர்ட் ஆர்.எல். லோரியை வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் ராணுவத்துக்காக 1953இல் வெளிவந்த மாடல் அது. நான்கு சக்கரமும் இழுக்கும், ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். வாரம் முழுக்க ஃபேக்டரியிலும் கடையிலும் வேலை செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்து அதன் அடியில் படுத்துவிடுவார்கள். துரு சுரண்டுவது, வெல்டிங் பிடிப்பது, வயர் மாற்றுவது எல்லாம் அவர்களே. ஒரு பையன் மூன்று மாதத்தில் கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டவே கற்றுக்கொண்டான். எந்த வகுப்பிலும் அவனுக்கு இது இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. இதை வீண் செலவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதோடு, இந்த லோரிகள் நமக்குப் புதிதும் அல்ல. 1945இல் யுத்தம் முடிந்தபின், கனடாவில் ராணுவத்துக்காகச் செய்த ஃபோர்டு, செவர்லே லோரிகள் இங்கே மிச்சப்பட்டன. சீனப் பட்டறைக்காரர்கள் அவற்றை வாங்கி, கேபினைப் பிரித்தெறிந்து, பலகையில் புதுக் கேபின் கட்டி, முன்னால் வின்ச் (கம்பி வடத்தைச் சுற்றி இழுக்கும் உருளை) வைத்து, காட்டு மரம் இழுக்க விட்டார்கள். கதவு கிடையாது. மலைச் சரிவில் பிரேக் பிடிக்காவிட்டால் டிரைவர் குதித்துவிட வேண்டும், அதற்காகத்தான். சீனர்கள் அதை ‘சான் தாய் வோங்’, மலைராஜா என்றார்கள். மலாய்க்காரர்கள் ‘லோரி ஹந்து’ என்றார்கள், பேய் லோரி. இன்றைக்கு மோடிஃபை செய்கிறோம் என்கிறார்களே, அதை நம் ஊரில் எழுபது வருஷத்துக்கு முன்பே வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தார்கள்.

என் அப்பா அப்படியொரு லோரியில் கெலிண்டானாக, அதாவது டிரைவரின் உதவியாளாகச் சேர்ந்து, பிறகு டிரைவரானவர். அம்மாவுக்கோ ராணுவ லோரி என்றால் வேறு ஞாபகம். 1948 ஜூன் 16இல் எங்கள் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ராணுவம் தேடித் திரிந்த அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. அந்த வருஷங்களில் லோரிச் சத்தம் கேட்டாலே பிள்ளைகளை லயத்துக்குள் இழுத்துக்கொண்டு கதவைச் சாத்துவோம் என்று அம்மா சொல்வார். ஒரே லோரி, ஒரு வீட்டிலேயே ஒருவருக்குச் சோறு, இன்னொருவருக்குப் பயம்.

சரி, நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்பு அந்தக் கொட்டகைக்குப் போனேன். அந்த லோரிக்கு நான்கு சக்கரம்தான், ஒவ்வொன்றும் என் இடுப்புயரம். நான்குக்கும் அழகாக மங்கல் பச்சை ஸ்ப்ரே அடித்திருந்தார்கள். ஒரு டயரை மாற்ற வேண்டியிருந்தது. பையன் ஸ்பேனரை எடுத்து நட்டில் மாட்டிவிட்டான். அது வெளிவட்டத்து நட்டு. “டேய், கையை எடு!” என்று நான் போட்ட சத்தத்தில் நாய்கூட எழுந்து ஓடியது.

அந்த ராணுவச் சக்கரத்தில் நட்டுகள் இரண்டு வட்டமாக இருக்கும். உள்வட்டம் சக்கரத்தை அச்சோடு பிணைப்பது. வெளிவட்டம் ரிம்மின் இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பிடிப்பது. டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்டத்தைக் கழற்றினால், பாதி ரிம் பீரங்கிக் குண்டுபோலப் பறந்து வரும். யாரும் தெரியாமல் தொட்டுவிடக் கூடாது என்றுதான் ராணுவத்தில் அந்த நட்டுகளுக்குச் சிவப்பு அடித்தார்கள். பையன்கள் அந்தச் சிவப்பின் மேல் பச்சை அடித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நான் பட்டறையில் இருந்த காலத்தில் இதே வகை ரிம்மினால் கூட வேலை செய்த ஒருவரின் கை முழங்கையோடு போனது. அவர் அதற்குப் பிறகு ஸ்பேனர் பிடிக்கவில்லை.

அன்றைக்கு வால்வு ஊசியைக் கழற்றி, காற்று முழுக்க இறங்கும்வரை உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அந்தப் பையனே சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொரு வெளிநட்டுக்கும் சிவப்பு வைத்தான். இப்போது அது பச்சைச் சக்கரத்தில் குங்குமம் வைத்ததுபோல இருக்கிறது. அவன் கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

இதைச் செய்யும் மற்ற பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். உங்கள் விருப்பப்படி மாற்றுங்கள். ஆனால் எதையும் மறைப்பதற்கு முன், வெட்டுவதற்கு முன், அது ஏன் அங்கே இருக்கிறது என்று பழைய மெக்கானிக் ஒருவரைக் கேளுங்கள். பெரிய டீசல் இன்ஜின் வைக்கும் ஆசையில் பழைய டிரம் பிரேக்கை அப்படியே விட்டுவிடுகிறீர்கள். முதலில் பிரேக், அப்புறம்தான் இன்ஜின். பொதுச் சாலையில் ஓட்டுவதானால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி இல்லாமல் இன்ஜினை மாற்றவே வேண்டாம். சேசிஸ் நம்பர் தகட்டைப் பிடுங்காதீர்கள், அந்த லோரியின் பிறப்புச் சான்றிதழ் அது.

கேட்டால் சொல்வதற்கு எங்கள் தலைமுறையில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். சுங்கை சிப்புட்டில் மட்டும் எனக்குத் தெரிந்து ஐந்து பேர். ஐந்து பேருக்கும் எழுபதுக்கு மேல்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பழைய லோரிப் படங்களை, டிரைவர், கெலிண்டான் பெயர்களோடு அனுப்பச் சொல்லி வாசகர்களைக் கேட்டு, ஞாயிறு பதிப்பில் வெளியிடுங்கள். என் அப்பா மலைராஜாவின் பம்பரில் உட்கார்ந்திருக்கும் படத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பின்பக்கம் பென்சிலில் 1957 என்று எழுதியிருக்கிறது. எங்களிடம் இருப்பது இந்த ஒரு பிரதிதான், வேலை முடிந்ததும் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லோரி மெக்கானிக்,
சுங்கை சிப்புட், பேராக்.