தண்டையார்பேட்டையிலிருந்து முத்துவுக்கு

அன்புள்ள முத்து,

இங்கே எல்லோரும் நலம். மணி மகளின் கல்யாணப் பத்திரிகை உனக்கும் வந்திருக்கும். வராமல் இருந்துவிடாதே, பந்தியில் மூன்றாம் முறை பாயசம் கேட்க உன்னை விட்டால் ஆளில்லை. பட்டறைக்குக் கூரை மாற்றிவிட்டேன். கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது என்கிறார் டாக்டர், பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவிலேயே உன் வயல் கதையை நுழைத்துவிடுவாய். எழுத்தில் வந்தால் கடைசி வரி வரை படித்துத்தானே ஆகவேண்டும்?

தேவியின் பையன் அப்புவுக்கு ஆட்டிசம் என்று மருத்துவர்கள் சொன்னது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. பெரிய நம்பிக்கையோடு ஒரு பள்ளியில் சேர்த்தோம். எழுந்து எழுந்து ஓடுகிறான் என்று அங்கே அவனைத் துப்பட்டாவால் நாற்காலியோடு கட்டி வைத்திருக்கிறார்கள். ஒருநாள் மதியம் தேவி சீக்கிரமாகப் போனதால் நேரில் பார்த்துவிட்டாள். அப்போதே அவிழ்த்துக் கூட்டி வந்துவிட்டாள். எங்கள் அப்பா காலத்திலிருந்து நாற்காலி செய்து பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. அந்த நாற்காலியில் ஒரு குழந்தையைக் கட்டிப்போட்டார்கள் என்று கேட்ட இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது அவனுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் மிகவும் பொறுமைசாலி. என் கேள்விகளுக்கெல்லாம் உட்கார்ந்து பதில் சொன்னார். நாம் ஐம்புலன் என்று ஐந்தோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் தசையும் மூட்டும், கை எங்கே இருக்கிறது, கால் எதில் ஊன்றியிருக்கிறது என்று ஓயாமல் மூளைக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கின்றனவாம். உள்காதில் இருக்கும் உறுப்பு, உடம்பு ஆடுவதையும் சாய்வதையும் சொல்கிறது. இந்தச் சேதிகளெல்லாம் ஒழுங்காக ஒன்றுசேராத குழந்தைகளைப் பற்றி ஜீன் ஐரஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1972-லேயே விரிவாக எழுதியிருக்கிறார். அப்பு ஓடுவதும், சுவரில் போய் மோதிக்கொள்வதும், மெத்தைக்கு அடியில் புகுந்துகொள்வதும் அடங்காத்தனம் இல்லையாம். உடம்பு கேட்கிற அழுத்தத்தை அவன் தேடிப் போகிறானாம்.

டெம்பிள் கிராண்டின் என்பவரைப் பற்றியும் அந்தத் தெரபிஸ்ட்தான் சொன்னார். ஆட்டிசம் உள்ளவர், பின்னாளில் அமெரிக்காவில் கால்நடை அறிவியல் பேராசிரியர் ஆனார். இளம்பெண்ணாக அத்தையின் பண்ணையில் இருந்தபோது, தடுப்பூசி போடுவதற்காக மாட்டை இருபுறமும் பலகையால் அழுத்திப் பிடிக்கும் கூண்டைப் பார்த்திருக்கிறார். மிரண்டுபோய் வந்த மாடுகளில் பல, அழுத்தம் பட்டதும் அமைதியாகிவிட்டன. மனிதர்கள் கட்டி அணைத்தால் தாங்க முடியாதவர் அவர். தனக்கென்று அதே மாதிரி ஒரு பலகைப் பெட்டி செய்துகொண்டார். அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையிலேயே இருந்தது.

எனக்குப் பொறி தட்டியது அந்த இடத்தில்தான், முத்து. துப்பட்டாவும் உடம்பை அழுத்துகிறது, அந்தப் பலகையும் அழுத்துகிறது. பிடி யார் கையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிரான்சில் அலெக்சியா ஓட்ரேன் என்ற தச்சுப் பெண் இப்படி ஒரு நாற்காலியே செய்திருக்கிறார். உள்சுவர்கள் காற்றால் உப்பி, உட்கார்ந்திருப்பவரை அணைத்துக்கொள்ளும். ரிமோட் அவர் கையிலேயே இருக்கும். அதற்கு 2021-ல் அந்த நாட்டில் ஜேம்ஸ் டைசன் விருது கிடைத்தது. படத்தைத் தேவி காட்டினாள். அழகான வேலை. ஆனால் நம் தெருவில் அதை வரவழைத்து வாங்க யாரால் முடியும்? அதனால் நானே இறங்கிவிட்டேன்.

நான் செய்ததில் காற்றும் இல்லை, மின்சாரமும் இல்லை. இருக்கையின் இரு பக்கமும் பஞ்சு வைத்த பலகைகள். அடியில் கீல் வைத்து, லேசாக வெளிப்பக்கம் சாய்ந்தபடி நிற்கும். முன்னால் ஒரு கைப்பிடி. அதை இழுத்தால் பின்புறமாக ஓடும் கயிறு இரண்டு பலகைகளையும் உள்ளே கொண்டுவந்து தோளிலிருந்து இடுப்பு வரை அணைக்கும். கையை விட்டால் பலகைகள் தம் பாரத்திலேயே விலகிவிடும். கொக்கி கிடையாது, பூட்டு கிடையாது, வார் கிடையாது. யார் வந்து கேட்டாலும் அதில் வார் வைத்துத் தரமாட்டேன் என்று பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். "வீட்டில் அமைதியான அறை ஒன்றை அவனுக்கென்று ஒதுக்குங்கள்" என்றும் அந்தத் தெரபிஸ்ட் சொன்னார். தேவி இருக்கும் வீடு உனக்குத் தெரியும். பத்துக்குப் பத்தில் ஓர் அறை, சமையலுக்கு ஒரு மூலை, வாசலில் பொதுக் குழாய். இரவு பகல் இல்லாமல் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் இவர்கள் வீட்டிலேயே அடிக்கிற மாதிரி கேட்கும். ஒதுக்குவதற்கு அறைக்கு எங்கே போவது? காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று எங்கே போனாலும் பாதி வீடுகளில் இதே கதைதான். அப்படியானால் அந்த நாற்காலியே அறையாக இருக்க வேண்டும். இந்த எண்ணம் வந்த நாளிலிருந்து என்னை விடமாட்டேன் என்கிறது.

முதுகுச் சாய்மானத்தைத் தலைக்கு மேல் வரை உயர்த்தி, இரு பக்கமும் முன்னோக்கி மடக்கினேன். உள்ளே கனமாக இலவம்பஞ்சு. அதன் மேல் சாயம் போடாத காடாத் துணி. விசில், பாத்திரம் விழும் ஓசை, பேச்சுச் சத்தம் போன்ற கீச்சென்ற ஒலிகளைப் பஞ்சு நன்றாகவே உறிஞ்சிக்கொள்கிறது. லாரியின் உறுமலை ஒன்றும் செய்ய முடியவில்லை. தாழ்ந்த ஒலியைத் தடுக்கக் கனமான சுவர் வேண்டும், பஞ்சால் ஆகாது. ஆனால் தரை வழியாகக் காலில் ஏறும் அதிர்வையாவது குறைக்கலாம் அல்லவா? நாற்காலியின் கால்களுக்கு அடியில் பழைய டயர் ரப்பரை வெட்டி ஒட்டினேன். லாரி போகும்போது கைப்பிடியில் விரலை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது.

மரத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். பவழக்காரத் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டும் மெட்ராஸ் டெரஸ் கூரைக்குப் போட்ட தேக்கு. அதில் இரண்டு உத்திரத்தை விலைக்கு எடுத்தேன். ஆணி பிடுங்கி இழைத்தபோது உள்ளே தேன் நிறத்தில் எண்ணெய்ப் பசையோடு இருந்தது. ஏன் இரும்பு வேண்டாம் என்றால், இரும்பு தேக்கைப்போல இருநூறு முந்நூறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மார்கழி விடியலில் உடம்புச் சூட்டை உறிஞ்சிச் சில்லிடும். அக்னி நட்சத்திரத்தில் ஜன்னல் வெயில் பட்டால் தொட முடியாது. தோல் கூசும் பிள்ளைக்கு அது தண்டனை. மரம் எந்த நேரத்திலும் அப்படித் திடுக்கிட வைக்காது.

இதைப் பின்லாந்தில் ஒருவர் எப்போதோ யோசித்துவிட்டார். ஆல்வார் ஆல்ட்டோ என்ற கட்டடக் கலைஞர், பைமியோ என்ற ஊரில் காச நோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் கட்டினார், 1933-ல் திறந்தது. நம் தாம்பரம் சானடோரியம் தொடங்கி ஐந்து வருடம் கழித்து. அப்போது ஐரோப்பாவில் எங்கே பார்த்தாலும் இரும்புக் குழாய் நாற்காலி மோகம். இவரோ உடம்பில் படும் இடத்தில் இரும்பு சில்லிடும் என்று பிர்ச் மரத்தை அடுக்கி வளைத்து நாற்காலி செய்தார். சாய்ந்து உட்கார்ந்தால் நோயாளிக்கு மூச்சு வாங்குவது சுலபமாகும் கோணத்தில். படுத்தே கிடப்பவருக்குக் கூரைதான் உலகம் என்பதால் கூரைக்குக் கண்ணை உறுத்தாத பச்சை அடித்தார். ஒருவர் கை கழுவும் சத்தம் பக்கத்துக் கட்டில்காரரை எழுப்பக் கூடாது என்று, தண்ணீர் ஓசையின்றி விழும் கோணத்தில் கழுவு தொட்டி வைத்தார். மருந்தே கண்டுபிடிக்காத நோய்க்கு, ஒரு தொட்டியின் சாய்வைக்கூட விட்டுவைக்காமல் யோசித்திருக்கிறார். அதைப் படித்த அன்று வேலையே ஓடவில்லை.

கைப்பிடிதான் என் செல்லப் பகுதி. தோலில் மெதுவான வருடலுக்கென்றே தனி நரம்புகள் இருக்கின்றனவாம். நொடிக்கு ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் வேகத்தில் தடவினால்தான் அவை நன்றாக விழிக்கும். முழங்கைக்குக் கீழே, மயிர் இருக்கும் பக்கத்தில் அவை உண்டு. தாய் பிள்ளையைத் தடவிக்கொடுக்கும் வேகமும் கிட்டத்தட்ட அதுவே. அதனால் கைப்பிடியின் மேல்பக்கத்தில் ஓர் அலை வளைவு செதுக்கினேன். 120-ம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 320 வரை தேய்த்து, பிறகு ஈரத்துணியால் துடைத்தேன். ஈரம் பட்டதும் நார்கள் எழுந்து நிற்கும். காய்ந்ததும் மறுபடி தேய்க்க வேண்டும். அப்பாவிடம் படித்த வேலை. பளபளப்பு வராது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எங்கும் கை தடைப்படாது. அப்பு அதில் கையை வைப்பதற்கு முன்னால் கன்னத்தை வைத்தான்.

கன்னம் வைக்கிறவன் நக்கவும் செய்வான். ஆகவே தின்னர் நாற்றம் அடிக்கிற பாலிஷ் எதுவும் கிடையாது. தேன்மெழுகை உருக்கித் தேய்த்ததோடு சரி. மலிவான பிளைவுட்டும், மரநாரை ஒட்டி அழுத்திய எம்.டி.எஃப். பலகையும் வேண்டாம் என்று வைத்ததும் இதனால்தான். அவற்றை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. பத்துக்குப் பத்து அறையில், ஜன்னல் திறந்தால் லாரிப் புழுதி என்று மூடியே வைத்திருக்கும் வீட்டில், அதை எப்படிக் கொண்டுபோய் வைப்பது?

கோபமாகவும் இருக்கிறது. கடைகளில் சோபா வாங்க வருகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? விருந்தாளி வந்தால் எப்படித் தெரியும் என்பதைத்தான். வியர்வையில் ஒட்டிக்கொள்ளும் ரெக்ஸினில் நாளெல்லாம் உட்காரப் போகும் அம்மாவை யாரும் கூட்டி வந்து உட்காரவைத்துப் பார்ப்பதில்லை. எழுந்திருக்க எதையாவது பிடிக்க வேண்டுமே என்று கைப்பிடியை அழுத்திப் பார்ப்பதில்லை. நாமும் கேட்டதைச் செய்து கொடுத்துக் காசு வாங்கினோம். உன் ஈஸிசேரில் சாய்ந்ததும் உனக்குத் தூக்கம் சொக்குகிறதே, அதுவும் சும்மா இல்லை. அந்தத் துணி உன் முதுகு வளைகிற இடமெல்லாம் இறங்கிக் கொடுத்து, பாரத்தை எங்கும் பரப்பிவிடுகிறது. (தொப்பையைத் தாங்கும் அதன் பொறுமைக்குத் தனியாக ஒரு கும்பிடு.)

ஆட்டம்கூட வைத்திருக்கிறேன். ஜெனீவாவில் ஆய்வாளர்கள் வயதுவந்தவர்களை மெதுவாக ஆடும் கட்டிலில் தூங்கவைத்துப் பார்த்தார்கள். நான்கு நொடிக்கு ஓர் ஆட்டம். சீக்கிரம் தூங்கினார்கள், ஆழ்ந்தும் தூங்கினார்கள் என்று 2019-ல் வெளியிட்டார்கள். தூளி கட்டும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதல்ல. ஆனால் கூரையில் கொக்கி இல்லாத வீட்டில் ஊஞ்சல் எப்படி? அதனால் பின்பக்கம் மட்டும் கொஞ்சம் வளைந்த அடிக்கட்டை. நாலு விரற்கடை ஆடும், அதற்கு மேல் போகாமல் தடுப்பு. குறுக்கே நடப்பவர் கால் நசுங்காது.

இனி அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்பாய். சில நாள் அந்தப் பக்கமே திரும்ப மாட்டான். சில நாள் விசில் அடித்ததும் தானாகப் போய் ஏறிக்கொண்டு கைப்பிடியை இழுக்கிறான், விடுகிறான், மறுபடி இழுக்கிறான். சுவரில் மோதுவது குறைந்திருக்கிறது என்று தேவி சொல்கிறாள். பயிற்சியால் குறைந்ததா, நாற்காலியாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இது மருந்து இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தவும் பொருந்தாது. அழுத்தமே ஆகாத பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்குத் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்லாமல் செய்து கொடுக்க மாட்டேன்.

ஆனால் அப்பு பயிற்சிக்குப் போகும் இடத்துக்கு வரும் வேறு தாய்மார்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், முத்து. ஒருவர் திருவொற்றியூர், மீன் கூடை சுமக்கிறவர். பணம் தவணையில் தருவதாகச் சொன்னார். பழைய தேக்கில் செய்தால் அவருக்குக் கட்டுப்படியாகாது. வேம்பிலோ பூவரசிலோ செய்து பார்க்கப் போகிறேன். இருக்கைக்குத்தான் வழி தெரியவில்லை. பிள்ளைகளுக்கு வியர்க்கிறது, துணி நனைந்தால் கூசுகிறார்கள். கோரைப்பாய் என்றால் காற்று போகும், சொரசொரப்பும் இதமாக இருக்கும்.

நீ இருக்கும் இடத்திலிருந்து பத்தமடை எவ்வளவு தூரம்? பஸ்ஸில் போனால் அரை நாளில் திரும்பிவிடலாம். கல்யாணத்துக்குக் கொடுக்கும் மெல்லிய பட்டுப்பாய் வேண்டாம். சற்றுத் தடித்த கோரையில், நெருக்கமாக, பதினாறு அங்குல அகலத்தில் நெய்து தர ஆள் இருக்கிறார்களா என்று விசாரி. ஓரத்தை மடித்துத் தைக்க இரண்டு அங்குலம் அதிகம் இருக்கட்டும். சாயம் கட்டாயம் வேண்டாம். என்ன கூலி கேட்கிறார்களோ அதைப் பேரம் பேசாமல் ஒத்துக்கொள். உன் வாய் சும்மா இராது என்பது எனக்குத் தெரியும். மாதிரிக்கு இரண்டு துண்டு வாங்கி, மணி வீட்டுக் கல்யாணத்துக்கு வரும்போது எடுத்து வா. முன்னாலேயே கிடைத்தால் பார்சலில் போட்டுவிடு, திருவொற்றியூர் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
வேலு