பரப்பை மட்டும் பார்க்காதே

அன்புள்ள முருகேசா,

கடிதமும் வரைபடமும் கிடைத்தன. புதுச்சேரி, கடலூர் பக்கத்துக் கோயில் காடுகளைப் பரப்பை வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறாய். அங்கேதான் இடறுகிறது.

100-க்கு 100 மீட்டர் சதுரக் காடும் 50-க்கு 200 மீட்டர் நீளக் காடும் பரப்பில் ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேர்தான். வெயிலும் காற்றும் ஓரத்திலிருந்து 30 மீட்டர் உள்ளே வரும் என்று வைத்துக்கொள். சதுரத்தில் 0.16 ஹெக்டேர் உள்காடு மிஞ்சும். நீளக் காட்டில் ஒன்றுமே மிஞ்சாது, முழுக்க ஓரம்தான்.

ஆனாலும் இனங்களை எண்ணினால் நீளக் காடு தோற்காது, முந்தினாலும் முந்தும். ஓரத்து வெயிலில் முளைக்கும் உண்ணிச்செடி, வேலிக்கருவை, வேம்பு எல்லாம் கணக்கில் ஏறிவிடுமே! அதனால் வீரை, காசான், உலக்கைப்பாலை, கருங்காலி மாதிரி காட்டு இனங்களுக்குத் தனிப் பட்டியல் போடு. அதையும் நாற்று, கன்று, மரம் என்று மூன்று பத்தியாகப் பிரி. கிழட்டு உலக்கைப்பாலை கம்பீரமாக நிற்கும். கீழே ஒரு கன்றுகூட இல்லையென்றால் அந்த இனம் அங்கே நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது.

மரங்களை எண்ணும் கட்டம் 5-க்கு 20 மீட்டர் இருக்கட்டும், நீளப் பக்கம் ஓரத்துக்கு இணையாக. குறுக்கே போட்டால் ஓரமும் உள்காடும் ஒரே கட்டத்தில் கலந்துவிடும். ஓரத்திலிருந்து கட்டம் வரையுள்ள தூரத்தை டேப் பிடித்து அள. அடர்ந்த நிழலில் ஜிபிஎஸ் பத்து மீட்டர்கூடத் தவறும். நீளக் காட்டில் ஓர் ஓரத்திலிருந்து 40-ஆவது மீட்டர் என்பது மறு ஓரத்திலிருந்து 10 மீட்டர்தான், கிட்ட இருக்கும் ஓரத்தையே எழுது. ஒப்பிட வேண்டுமானால் எல்லாக் காட்டிலும் அதே எண்ணிக்கைக் கட்டங்கள் வேண்டும். காசான் வெட்டுப்பட்டால் அடியிலிருந்து ஐந்தாறு தண்டு கிளம்பும். 1.3 மீட்டர் உயரத்தில் ஒவ்வொன்றின் சுற்றளவையும் குறித்துக்கொள், மரக் கணக்கு மட்டும் ஒன்று. இதில் தவறாதவர்கள் குறைவு.

கோயிலைச் சுற்றி மரம் வெட்டித் தளம் போட்டிருக்கிறார்களா? அதுவும் ஓரம்தான், காட்டின் வயிற்றுக்குள் ஓர் ஓரம். வரைபடத்தில் அது விடுபட்டிருக்கிறது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர், அரை ஹெக்டேர் காட்டுக்கு ஐந்தாறு புள்ளிதான் தேறும். சென்டினல்-2 எடுத்தால் 10 மீட்டர், ஐம்பது புள்ளி. ஆனால் இந்தக் காடுகளைப் போலவே சவுக்கும் முந்திரியும் கோடையிலும் பச்சைதான். நடந்து போய்ப் பார்க்காமல் காடென்று குறிக்காதே.

காடுகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதையும் 500 மீட்டர் வரை குறி. இந்தக் காடுகளில் சதைப்பழ மரங்கள்தான் அதிகம். விதையைச் சின்னான் குருவியும் வௌவாலும் கொண்டுபோக வேண்டும். வழியில் ஓர் ஆலமரம் இருந்தால் தங்கி எச்சமிடும். சவுக்குத் தோப்பில் அவற்றுக்குத் தின்ன என்ன இருக்கிறது?

திருத்திய வரைபடத்தை அனுப்பு.

அன்புடன்,
சேகர்